பால் குடிக்கையில் வியர்க்கும் குழந்தை

கேள்வி: என் மூன்று மாதப் பேத்தியின் இடது கரோனரி தமனி தவறான இடத்திலிருந்து கிளம்புவதால் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். சற்று வளர்ந்தபின் செய்யலாகாதா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனி, உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியில் தொடங்க வேண்டியது; ஏறத்தாழ 3 லட்சம் பிறப்புகளில் ஒன்றில் இடது கரோனரி தமனி நுரையீரல் தமனியில் தொடங்குகிறது. பிறந்த சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் இயல்பாகவே குறையும்போது, இதயத்தின் இடப்பக்கத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல், குழந்தை பால் குடிக்கையிலேயே நெற்றி வியர்த்து, மூச்சுவாங்கி, வீறிட்டு அழும். இதை வயிற்றுவலி என்றெண்ணி ஓமத் தண்ணீர் புகட்டிக் காலம் கடத்துவதும் உண்டு. அறுவை சிகிச்சையில், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன், கரோனரி தமனியின் வாயை அதைச் சுற்றியுள்ள சுவரோடு பொத்தான்போல் வெட்டியெடுத்துப் பெருந்தமனியில் தைப்பார்கள். சோர்ந்த தசை பெரும்பாலும் சில மாதங்களில் தேறும்; இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் கசிவும் பலருக்குக் குறையும். அதன்பின் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும்) பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.