தெருவை அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள், தம்பி

கேள்வி: அக்கா, வணக்கம். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். 13 வருடமாக ஒரு ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். கார் ஓட்டுவதென்றால் எனக்கு உயிர். விடியற்காலையில் எக்ஸ்பிரஸ் ரோடு காலியாக இருந்தால் எண்ணூர் வரை சும்மாவே ஒரு ரவுண்டு போய்விட்டு வருவேன். மகளுக்கு 4 வயது. வருகிற தை மாதம் இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. தினமும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறேன். மனைவியும் ஓட்டுவாள். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வடிவுடையம்மன் கோயில், வருடத்துக்கு இரண்டு தடவை எல்லோருமாகக் கோவில்பட்டி மாமனார் வீடு. எனக்கு ஸ்கோடா ஸ்லேவியா 1.5 டர்போ செடான் மேல் ஆசை. வீட்டில் ஏழு பேர் உட்காரும் வண்டிதான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மகள் சன்ரூஃப் கேட்கிறாள். ஆன்ரோடு 20 லட்சம் வரை போகலாம். என் உயரம் 5 அடி 5 அங்குலம், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகும் இப்படி ஆசைப்படுவது தப்பா அக்கா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தப்பே இல்லை, தம்பி. நான் செங்குன்றத்தில் வளர்ந்தவள். சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தது, சோழவரம் அடங்கிப் போனது. ஆனால் அன்று அப்பா காட்டிக் கொடுத்த ஒரு விஷயம் மறக்கவில்லை. நேர்பாதையில் நின்று பார்க்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. வளைவுக்குப் பக்கத்தில்தான் இடம் பிடிப்பார். "நேரா போறதுல என்னம்மா இருக்கு, பிரேக் போட்டுத் திரும்பறத பாரு" என்பார்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் ஸ்லேவியாவின் 150 குதிரைத்திறனையும் அவிழ்த்துவிட ஓர் இடம் கிடையாது. இருப்பதெல்லாம் திருப்பம், பிரேக், மறுபடி 20இலிருந்து 50க்கு ஏறுவது. அதைச் சந்தோஷமாகச் செய்ய வைப்பது ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும் இழுவிசையும்தான். இது மூன்றும் நன்றாக இருக்கிற வண்டியைக் குடும்பத்துக்குத் தோதான உடம்போடு தேடினால் உங்கள் ஆசையும் வீட்டார் சொல்வதும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

முதலில் ஒரு டேப் வாங்கித் தெருவில் இறங்குங்கள். உங்கள் பழைய ஸ்விஃப்ட் 3,850 மி.மீ. நீளம், 1,695 மி.மீ. அகலம். ஸ்லேவியா 4,541 மி.மீ. நீளம். கிட்டத்தட்ட 70 செ.மீ. கூடுகிறது. தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதை ஒட்டி டீக்கடை பெஞ்சு இருக்கும், எதிர்ச்சாரியில் பைக் வரிசை நிற்கும். இத்தனைக்கும் நடுவில் அந்த 70 செ.மீ.தான் ஒரே மடக்கில் திரும்புவதா, மூன்று தடவை முன்னும் பின்னும் போவதா என்பதை முடிவு செய்யும். கம்பெனி சொல்லும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டி நின்ற பிறகு அம்மா இறங்க ஒரு கதவாவது முழுதாகத் திறக்க வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது பின்சீட்டு. கார் வாங்குகிற ஆண்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறந்த குழந்தையைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. 40 கி.மீ. வேகத்தில் ஒரு மோதல் என்றால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவிலேயே இருக்கிறது. கைக்குழந்தைக்கு வேண்டியது பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் இருக்கை. குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் உட்கார வேண்டும், முடிந்தால் இன்னும் கொஞ்ச காலம். முன்சீட்டில் ஏர்பேக் இருப்பதால் அங்கே இதை வைக்கவே கூடாது. மகள் 15 கிலோவைத் தாண்டியிருந்தால் முதுகு உயர்ந்த பூஸ்டர் இருக்கை போதும்.

பின்பக்கம் பார்க்கும் இருக்கை ஆழத்தை விழுங்கிவிடும். அதற்கு இடம் விட முன்சீட்டை முன்னால் தள்ள வேண்டியிருக்கும். உங்கள் உயரத்தைச் சொன்னது இங்கே உதவுகிறது. நீங்கள் எப்படியும் சீட்டை முன்னால் இழுத்துத்தான் ஓட்டுவீர்கள். அதனால் கைக்குழந்தையின் இருக்கையை உங்களுக்குப் பின்னால் பூட்டுங்கள். இடப்பக்க முன்சீட்டை அம்மா முழுதாகப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொள்ளலாம். அவருக்குப் பின்னால் மகள். ரோட்டோரம் நிறுத்தினால் குழந்தையை வலப்பக்கமாக, வண்டிகள் வருகிற பக்கமாக இறக்க வேண்டியிருக்கும், அதில் மட்டும் கவனம். மனைவிக்கு மிஞ்சுவது இரண்டு இருக்கைக்கும் நடுவில் உள்ள இடம். உண்மையைச் சொன்னால், இந்த விலையில் எந்தக் காரிலும் அது ஒரு பெரியவர் மணிக்கணக்கில் உட்காரும் இடமில்லை. திருவொற்றியூர் வரை சமாளிக்கலாம், கோவில்பட்டி வரை முடியாது.

அப்படியானால் ஏழு பேர் வண்டிதானே சரி என்று வீட்டில் சொல்வார்கள். கியா கேரன்ஸ் டர்போவில் 160 குதிரைத்திறன் உண்டு, உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் குழந்தை இருக்கை பூட்டிய சீட்டை மடக்கி மூன்றாம் வரிசைக்கு ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பூட்ட வேண்டும். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் மிஞ்சுவது 216 லிட்டர், தள்ளுவண்டிகூட மடங்கி உட்காராது. 2022இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தது 3 நட்சத்திரம். கைக்குழந்தையோடு போகிற வண்டிக்கு எனக்கு அது போதவில்லை. வாரம் முழுக்க ஐந்து பேரும் ஊர் ஊராகப் போகிற குடும்பமாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டால், ஐவரும் சேர்ந்து தூரம் போவது வருடத்தில் இரண்டே தடவை.

அந்த இரண்டு தடவையும் அம்மாவை ரயிலில் அனுப்புங்கள். எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கோவில்பட்டி. கீழ் படுக்கைக்கு 45 வயது கடந்த பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. வலிக்கிற முழங்காலை 550 கி.மீ. மடக்கியபடி கொண்டு போவது எந்தக் காரிலும் கொடுமைதான். நீங்கள் நால்வரும் மாதவரத்திலிருந்து பைபாஸ் பிடித்துப் பெருங்களத்தூரில் இறங்கி, விடிவதற்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடுங்கள். அங்கே கிடைக்கும் உங்களுக்கு வேண்டிய ரோடு.

ஸ்லேவியா நல்ல வண்டி. 2023இல் 5 நட்சத்திரம், 521 லிட்டர் டிக்கி, வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் செடானில் சீட்டு தாழ்வு. இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விட்டால் எழுந்திருக்கும்போது மொத்த பாரமும் முழங்காலில்தான் விழும். ஷோரூமில் அம்மாவை ஐந்து தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஐந்தாவது தடவை அவர் முகத்தைப் பாருங்கள்.

எனவே நான் சொல்வது அதே அடித்தளத்தில் உயரமாகச் செய்த ஸ்கோடா குஷாக், அல்லது அதன் உடன்பிறப்பான ஃபோக்ஸ்வாகன் டைகுன். நீளம் 4.2 மீட்டர் சொச்சம்தான். குஷாக்கின் தரை இடைவெளி 188 மி.மீ., டிக்கி 385 லிட்டர். இரண்டுமே 2022இல் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கியவை. சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் ஸ்லேவியாவுக்கு உறவுக்காரர்கள் என்று ஓட்டிய முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சின் 1.5 வேண்டாம், 1 லிட்டர் டர்போ எடுங்கள் என்றால் கோபிக்காதீர்கள். காரணம் கண்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டினால் நீங்கள் ஒரு வண்டி நீளம் போய், நின்று, மறுபடி ஒரு வண்டி நீளம் போக வேண்டும். 1.5இல் வரும் ஆட்டோமேட்டிக் இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். ஊர்ந்து போகும்போதெல்லாம் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடாகும். காலியான ஹைவேயில் அதன் கியர் மாற்றத்துக்கு ஈடே கிடையாது, ஆனால் நம் ஊர் வரிசைக்கு அது பிறக்கவில்லை. 1 லிட்டரில் கிடைப்பது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். எண்ணெய் வழியாக விசை போவதால் எவ்வளவு ஊர்ந்தாலும் தேய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சின்ன எஞ்சினின் 178 நியூட்டன் மீட்டர் இழுவிசை நிமிடத்துக்கு 1,750 சுற்றில்தான் முழுதாக எழும். மேனுவலில் அதற்குக் கீழே கொஞ்சம் மூச்சு வாங்கும், கன்வர்ட்டர் அந்தப் பள்ளத்தை மூடிவிடும். பிரசவம் முடிந்து ஓட்டத் தொடங்கும் மனைவிக்கும் கிளட்ச் இல்லாதது பெரிய நிம்மதி. 115 குதிரைத்திறன் குறைவென்று நினைக்காதீர்கள். உங்கள் ஸ்விஃப்ட்டிலிருந்து மாறி உட்கார்ந்தால் சிரிப்பு வரும்.

சக்கரம் பெரிதாக இருந்தால் அழகு என்று 17 அங்குலத்துக்குப் போக வேண்டாம். 16 அங்குல டயரில் ரப்பர் சுவர் உயரம், மணலி ரோட்டில் டிரெய்லர்கள் தோண்டிய பள்ளத்தில் இறங்கினால் அலாய் தப்பிக்கும். சன்ரூஃப் கேட்கும் மகளிடம் நான் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லுங்கள். திறந்தால் எண்ணூர்ச் சாம்பல் உள்ளே வரும், பிள்ளைகள் எழுந்து தலையை வெளியே நீட்டுவார்கள். அந்தப் பணத்தில் நல்ல குழந்தை இருக்கையே வாங்கலாம். அடிப்பக்கம் துருத் தடுப்புப் பூச்சு போடுங்கள், கடற்காற்று உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும். கூடுதல் விளக்கு, ஹாரன் என்று ஜி.பி. ரோட்டில் ஒயரை வெட்ட விடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

வரிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். குஷாக் போல நீளம் தாண்டினால் எஞ்சின் சின்னதாக இருந்தாலும் 40. தமிழ்நாட்டு ஆயுள் வரி 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை 15 சதவீதம். ஹூண்டாய் ஐ20 என் லைன் அந்த 4 மீட்டர் எல்லைக்குள் வருகிற, ஓட்ட அருமையான 120 குதிரைத்திறன் வண்டி. மகள் ஒருத்தி மட்டும் என்றால் அதையே சொல்லியிருப்பேன். 311 லிட்டர் டிக்கியில் தள்ளுவண்டியும் இரண்டு பிள்ளைகளின் பைகளும் ஏறாது.

இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையை விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பர் மழையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு சுரங்கப்பாதையில் என் கார் நின்றுவிட்டது. பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். உள்ளே போயிருந்த தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் பார்த்தது, தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாதாரண பாலிசியில் அது சேராது என்று கையை விரித்துவிட்டார்கள். எஞ்சின் செலவு முழுதும் என் தலையில். தண்ணீரில் நின்ற வண்டியைத் தள்ளுங்கள், சாவியைத் தொடாதீர்கள். 188 மி.மீ. இடைவெளி இருக்கிறதே என்று கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். ஷோரூம்காரர் கொடுக்கும் பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் உங்களுக்குப் போதாது. அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். வெள்ளிக்கிழமை, பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் அம்மாவுக்கு இரட்டைச் சந்தோஷம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். அந்த ஒரு சுற்றில் டிரெய்லர் வரிசை, பள்ளம், மணலிப் புழுதி, கோயில் வாசல் நெரிசல் எல்லாம் வந்துவிடும். ஐந்து பேருக்கான இடத்தையும் அன்றே பார்த்துவிடலாம்: குழந்தை இருக்கையில் ஒரு தலையணையைக் கட்டி வையுங்கள், மனைவி நடுவில் உட்காரட்டும். ஏழாவது மாதம் தாண்டியிருந்தால் அவருக்குப் பதில் தங்கையோ தோழியோ உட்காரலாம். திரும்பி வந்ததும் அம்மாவிடம் முழங்காலைப் பற்றிக் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் புக் செய்யுங்கள்.

கார் வர நாளானால் ஆகட்டும், குழந்தை இருக்கையை மார்கழிக்குள் வாங்கிவிடுங்கள். ஸ்விஃப்ட்டின் பின்சீட்டில் பூட்டிப் பழகுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே உங்கள் குழந்தை அதில்தான் வர வேண்டும்.