கைப்பேசியும் 555 புத்தகமும்

வணக்கம் ஐயா,

நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. கடையில் நான் கைப்பேசியால் பணம் செலுத்துவதைப் பார்த்துவிட்டு, எது வேண்டுமென்றாலும் “போனில் ஸ்கேன் பண்ணுங்கம்மா” என்கிறான் மகன். மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் சமாளிக்கிறோம். அது பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டு வேலைக்குக் காசு கொடுத்தால் பணத்தின் அருமை புரியும் என்கிறார் கணவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த என் அப்பாவோ, சின்னப் பிள்ளைகள் காதில் பணப்பேச்சே விழக்கூடாது என்கிறார். நான் என்ன செய்வது?

ஒரு தாய், சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு மளிகைக் கடன் ஒரு 555 புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு குறிப்பேட்டை உங்கள் அப்பாவும் அறிந்திருப்பார். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வாங்க அம்மா அதைக் கையில் கொடுத்துத்தான் என்னைக் கடைக்கு அனுப்புவார். புத்தகத்தை நீட்டினால் பொருள் வரும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்ததால், பல நாள்கள் மிட்டாயும் பிஸ்கட்டும் சேர்த்தே வாங்கி வந்தேன். சம்பள நாளன்று கடைக்காரர் கூட்டிச் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா முகம் வாடி நின்றது இன்றும் கண்ணிலேயே இருக்கிறது. அவர் அடிக்கவில்லை, ஒரு சொல் கேட்கவும் இல்லை. ஒருமுறையேனும் பக்கத்தில் உட்கார வைத்து, சம்பளம் இவ்வளவு, கடன் இவ்வளவு, மிச்சம் இது என்று காட்டியிருந்தால் அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருக்கும். உங்கள் மகன் கைப்பேசியைப் பார்ப்பதும் நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தது போலத்தான்: நீட்டினால் பொருள் வருகிறது, எங்கே என்ன குறைகிறது என்பது கண்ணில் படுவதில்லை.

ஆகவே பிள்ளைகளோடு கடைக்குப் போகும்போதாவது சில மாதங்களுக்கு ரொக்கமாகக் கொடுங்கள். நோட்டை மகன் கையில் கொடுத்து, மீதியை அவனே எண்ணி வாங்கட்டும். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கக் கொள்முதலின் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுவதால், 4 வெள்ளி 93 காசு ரசீதுக்கு 4 வெள்ளி 95 காசு கொடுக்க வேண்டும். கைப்பேசியில் கட்டினால் 4 வெள்ளி 93 காசாகவே கழியும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக் காசு தனியே இருக்கட்டும். அதற்கு மேல் சனிக்கிழமைதோறும் இரண்டு வெள்ளியை, பத்துக் காசும் இருபது காசுமாகக் கொடுத்துப் பாருங்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் ஐஸ்கிரீமில் தொலைத்துவிட்டு வந்து அழுதால், அடுத்த சனிக்கிழமைவரை பொறுக்கத்தான் வேண்டும். தாய்மனம் கேட்காது என்பதை அறிவேன். ஆனாலும் இரண்டு வெள்ளியோடு போகிற தவறு இந்த வயதில்தான் வாய்க்கும். வட்டிமுதலைகளுக்கு அஞ்சி இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன குடும்பங்களை நம் பக்கத்தில் நிறையவே பார்த்துவிட்டோம். மகளுக்கு உண்டியலைவிடக் கண்ணாடிப் போத்தல் நல்லது, நாணயம் ஏறுவது அவள் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டு வேலைக்குக் கூலி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தன் தட்டைத் தான் கழுவுவதற்குக் காசு வைத்தால், காசு தேவைப்படாத நாளில் பிள்ளை எழுந்து போய்விடும், அதைத் தவறென்று சொல்ல நமக்கும் வாயிருக்காது. அப்பாவோடு சேர்ந்து லாரியைக் கழுவுவது போன்ற கூடுதல் வேலைக்கு ஒரு வெள்ளி கொடுப்பது வேறு, அதைச் செய்யலாம்.

கடனையும் சொல்லுங்கள், புலம்பலாக இல்லாமல் கணக்காக. அடுத்த சம்பள நாளில் மகனையும் அழைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய், அவன் எதிரில் தொகையைக் கூட்டி, அவன் கையாலேயே பணத்தைக் கொடுக்க வையுங்கள். கடன் என்றால் என்ன, அது தீர்வது எப்படி என்ற இரண்டையும் அவன் ஒரே நாளில் பார்த்துவிடுவான்.

பிள்ளைகள் கவலையைச் சுமக்கக்கூடாது என்பதே உங்கள் அப்பாவின் அச்சமாக இருக்க வேண்டும், அதில் நியாயம் உண்டு. அவரிடம் வேறொன்றைக் கேளுங்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களைத் தவிக்கவிட்ட காலத்தில், அன்று அமைச்சராக இருந்த உங்கள் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே வாங்கியது, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. உங்கள் அப்பா சிறுவராக இருந்த அந்நாளில் லயத்தில் யார் யார் பங்கு எடுத்தார்கள், அந்தப் பணத்தைக் கட்ட வீட்டில் எதையெல்லாம் குறைத்துக்கொண்டார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் பணப்பேச்சுதான், ஆனால் அதைச் சொல்ல அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.