பில்லில் 'ஜிர்கோனியா' என்று இருந்தால் போதுமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் முடிந்து கேப் போட வேண்டும். ஜிர்கோனியா (வெள்ளைச் செராமிக்), லித்தியம் டைசிலிகேட் (கண்ணாடி கலந்த செராமிக்), உலோகத்தின் மேல் போர்சலைன் (பீங்கான்) என மூன்றைச் சொல்கிறார்கள். ஜிர்கோனியா விளம்பரத்தில் '1,200 மெகாபாஸ்கல், உடையவே உடையாது' என்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: மெகாபாஸ்கல் என்பது உடையும் முன் பொருள் தாங்கும் அழுத்தத்தின் அலகு. எண் பொய்யில்லை. ஆனால் அது மெருகேற்றிய சிறு துண்டை ஆய்வகத்தில் உடைத்து எடுத்த அளவு. உங்கள் வாயில் உட்காரப்போகும் கேப்புக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் ரகத்தைக் கேளுங்கள். யிட்ரியா என்ற ஆக்சைடு 3 மோல் சதவீதம் (மூலக்கூறு எண்ணிக்கையில் நூற்றுக்கு மூன்று) சேர்ந்த ஜிர்கோனியாதான் 900 முதல் 1,200 மெகாபாஸ்கல் வரை தாங்கும். விரிசல் நுனியில் அதன் படிகங்கள் வடிவம் மாறிச் சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை நெரித்து நிறுத்தும். ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்காக 5 மோல் சதவீதம் யிட்ரியா சேர்த்த ரகத்தில் இந்தத் தற்காப்பு கிட்டத்தட்ட இல்லை. வலிமையும் 500–700க்கு இறங்கிவிடும். பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். லித்தியம் டைசிலிகேட் 360–500. மேலே அழகுக்காக ஏற்றும் போர்சலைன் 100-ஐத் தாண்டுவதே அரிது. உலோகமானாலும் ஜிர்கோனியாவானாலும், பெரும்பாலும் பெயர்வது இந்த மேல்பூச்சுதான். கடைவாய்க்குப் பூச்சில்லாமல் ஒரே கட்டியில் கடைந்த கேப்பையே கேளுங்கள்.

அடுத்தது தடிமன். பாதியாகக் குறைந்தால் தாங்கும் சுமை ஏறக்குறைய கால்பங்காகிவிடும். கடிக்கும் பரப்பில் லித்தியம் டைசிலிகேட்டுக்கு 1.5 மி.மீ. வேண்டும், 3 மோல் ஜிர்கோனியாவுக்கு 1 மி.மீ. தாராளம். பல் குட்டையாக இருந்து இடம் போதாவிட்டாலும், இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தாலும், 3 மோல் ரகமே என் தேர்வு. பல் கடிப்பவர்களுக்கு இரவுக் காப்புத் தகடும் அவசியம்.

பலரும் கவனிக்காமல் விடுவது கடைசிக் கட்டம். கடி உயரமாக இருந்தால் வைரத்துகள் பதித்த சுழல்முனையால் (பர்) தேய்த்துக் குறைப்பார்கள். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் இடம். கண்ணாடி கலந்த செராமிக்கில் எச்சில் ஈரம் விரிசல் நுனியின் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீளச் செய்யும். பல வருடம் நன்றாக இருந்த கேப் ஒருநாள் மெத்தென்ற உணவிலேயே உடைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தேய்த்த இடத்தை, தண்ணீர் விட்டபடி, சொரசொரப்பான ரப்பர் பாலிஷரில் தொடங்கி மிக நுண்ணியது வரை படிப்படியாக மெருகேற்றச் சொல்லுங்கள். நாக்கால் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு எதிர்ப்பல்லையும் அரிக்கும்.

ஒட்டும் முறையும் பொருளுக்குப் பொருள் மாறும். லித்தியம் டைசிலிகேட்டின் உட்புறத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் என்ற பிணைப்புத் திரவம் பூசி, ரெசின் சிமென்டால் ஒட்டுவார்கள். ஜிர்கோனியாவுக்கு அந்த அரிப்புப் பயன்படாது. குறைந்த அழுத்தத்தில் அலுமினாத் துகள் அடித்து, ஜிர்கோனியாவோடு பிணையும் எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர் பூச வேண்டும்.

கேள்வி: பழைய போர்சலைன் கேப்பில் ஓரத்துண்டு பெயர்ந்துவிட்டது. கேப்பையே மாற்றச் சொல்கிறார்கள். வேண்டுமா?

பதில்: பெயர்ந்தது சிறிதென்றால் மெருகேற்றினாலே போதும். சற்றுப் பெரிதென்றால் சொரசொரப்பாக்கி, சிலேன் பூசி, பல் நிற ரெசினான காம்போசிட்டால் நிரப்பலாம். அது ஒட்டுப்போட்ட வேலைதான், மறுபடி பெயரலாம். உள்ளிருக்கும் உலோகம் தெரிந்தால், பக்கத்துப் பல்லோடு தொடும் இடம் போயிருந்தால், அல்லது விரிசல் கேப்பின் முழுக் கனத்துக்கும் ஓடியிருந்தால் மாற்றிவிடுங்கள்.