காகிதமே இல்லாத மின்னூலுக்கு ஏன் இவ்வளவு விலை?

அச்சும் தாளும் லாரி வாடகையும் இல்லாத மின்னூல், அமெரிக்காவில் சில நேரம் பேப்பர்பேக் பதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையைக் கடை வைப்பதில்லை, பதிப்பகம் வைக்கிறது என்பதே முக்கியக் காரணம். 2007-இல் தன் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலைக் கொண்டுவந்தபோது, அமேசான் பல புதிய நூல்களின் மின்பதிப்பை நட்டத்துக்கே 9.99 டாலருக்கு விற்றது. வாசகர்களுக்கு அந்த விலை பழகிவிட்டது. பெரிய பதிப்பகங்களுக்கோ, பேப்பர்பேக்குக்கு முன்பே கூடுதல் விலையில் வரும் கெட்டி அட்டைப் பதிப்பின் விற்பனை படுத்துவிடுமோ என்ற பயம். 2010-இல் ஆப்பிள் ஐபேடுடன் மின்னூல் விற்க வந்ததும், ஐந்து பதிப்பகங்கள் முகவர் முறைக்கு மாறின. விலையைப் பதிப்பகமே குறிக்கும். கடைக்கு 30 சதவீதக் கழிவு. புதிய நூல்கள் பல 12.99, 14.99 டாலர் என்று ஏறின.

பதிப்பகங்களும் ஆப்பிளும் சேர்ந்து விலையை ஏற்றிய கூட்டுச்சதி இது என்று அமெரிக்க அரசின் நீதித்துறை 2012-இல் வழக்குப் போட்டது. பதிப்பகங்கள் சமரசம் செய்துகொண்டன. ஆப்பிள் 2013-இல் தோற்றது. ஆனால் நீதிமன்றம் கண்டித்தது சேர்ந்து சதி செய்ததைத்தான், முகவர் முறையை அல்ல. 2014 முதல் பெரிய பதிப்பகங்கள் தனித்தனியே பேசி அதே முறைக்குத் திரும்பின. அச்சு நூலுக்குத் தள்ளுபடி தரும் கடை, மின்னூல் விலையில் கைவைக்க முடியாமல் நிற்பது இதனால்தான்.

அச்சுச் செலவு மொத்தத்தில் சிறு பங்குதான் என்று பதிப்பகங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நமக்குக் கிடைப்பது வெறும் உரிமம். படித்துவிட்டு நண்பருக்குக் கொடுக்க முடியாது, பழைய புத்தகக் கடையில் போட முடியாது. அதற்கு முழு விலை கேட்பது அநியாயம். அவசரமில்லையென்றால் பேப்பர்பேக் வரும்வரை பொறுங்கள். மின்னூல் விலையும் பெரும்பாலும் அப்போது இறங்கும்.