85 மி.மீ.-இல் மட்டும் ஏன் புகைமூட்டம்?

ஃபில்டரில் பழுதில்லை. ஒளியை மென்மையாகச் சிதறடிக்கும் அதே 1/4 பிளாக் ப்ரோ-மிஸ்ட் ஃபில்டர் 24 மி.மீ. லென்ஸில் அடக்கமாக இருக்கிறது, 85-இல் மணமக்கள் முகமே வெளுக்கிறது என்கிறீர்கள். ஃபில்டர் ஒளியைச் சிதறடிக்கும் கோணம் மாறாது. லென்ஸ் நீளமானால் அதே கோணம் ஃபிரேமில் அதிக இடம் பிடிக்கும். 85-க்கு இதைவிட லேசான 1/8 போதும்.

அதை வாங்குமுன், பக்கவாட்டு ஒளியை மறைக்கும் ஹூட்டை லென்ஸ் முனையில் போட்டுப் பாருங்கள். மேடையின் எல்இடி பக்கவாட்டில் ஃபில்டர் கண்ணாடியில் விழுந்தாலே நிழல்கள் சாம்பலாகிவிடும். விரல்ரேகையும் இதையே செய்யும், துடையுங்கள்.

ரா (RAW) ஃபைலாக எடுத்திருந்தால், எடிட்டிங்கில் பிளாக்ஸைக் குறைத்து (கருமையைக் கூட்டி), மூட்டத்தை நீக்கும் டீஹேஸைக் கொஞ்சம் கூட்டினால் கான்ட்ராஸ்ட் ஓரளவு மீளும். விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம் போகாது. குரூப் போட்டோவுக்கு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், அங்கே இதற்கு வேலையே இல்லை. 24-இல் அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் திறப்பை) எஃப்/11-க்கு மேல் மூடினால் ஃபில்டரின் புள்ளிகளே படத்தில் தெரியலாம்.