கான்டெஸாவுக்கு நடுவழியில் வேர்க்கிறது

கேள்வி: அண்ணே, அப்பா விட்டுப்போன கான்டெஸா 1.8 வைத்திருக்கிறேன். காலையில் ஏசி ஜில்லென்று வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் மாட்டினால் அனல்தான். வண்டியை அணைத்து ஆறவிட்டால் மறுபடி ஜில். இரண்டு முறை கேஸ் நிரப்பியாகிவிட்டது. இப்போது கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஆறினால் வேலை செய்கிற கம்ப்ரசர், செத்த கம்ப்ரசர் இல்லை. எனக்கு அதன் முகப்பில் இருக்கிற கிளட்ச் மேல்தான் சந்தேகம்.

இன்ஜின் ஓடுகிறவரை பெல்ட், கிளட்சின் புல்லியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஏசி போட்டதும் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) காந்தமாகி, கம்ப்ரசர் தண்டில் இருக்கிற முன் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும்; கம்ப்ரசரும் சுற்றும். 'டக்'கென்று கேட்பது அதுதான். வருஷக்கணக்கில் ஓடித் தேய்ந்தால் நடுவில் சந்து கூடும். சூட்டில் காயிலும் சோர்ந்துபோகும்: 60 டிகிரி ஏறினால் செம்புக் கம்பியின் தடை கிட்டத்தட்ட கால்பங்கு கூடுகிறது. கரண்ட் குறைந்து, காந்தம் இளைத்துவிடும். போதிய குளிர் வந்ததும் கரண்டை வெட்டுகிற தெர்மோஸ்டாட் ஒருமுறை விட்ட பிளேட்டை மறுபடி இழுக்கத் தெம்பிருக்காது.

அனல் வரும்போதே ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பாருங்கள். புல்லி சுற்றுகிறது, நடு பிளேட் சும்மா நிற்கிறதா? காயில் ஒயரில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வரவில்லையென்றால் கிளட்சை விட்டுவிட்டு ஃபியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் என்று தேடுங்கள். வோல்ட் வந்தும் பிடிக்கவில்லையென்றால் இன்ஜினை அணையுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் காயிலுக்கு நேராகக் கரண்ட் கொடுத்து, மரக்குச்சியால் பிளேட்டைத் தள்ளுங்கள். தள்ளியதும் கவ்விக்கொண்டால் சந்துதான் குற்றவாளி. சிலர் இதை இன்ஜின் ஓடும்போதே செய்து காட்டுவார்கள். விரல் பத்தும் வேண்டுமென்றால் நீங்கள் செய்யாதீர்கள்.

நடு நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு பிளேட்டை எடுத்தால் தண்டில் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டி, சந்தை அளக்கும் ஃபில்லர் கேஜால் சுற்றிலும் மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். ரொம்ப நெருக்கினால் ஏசியை அணைத்த பிறகும் உரசும். பிளேட் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் ஷிம் உதவாது, கிளட்ச் செட்டையே மாற்றுங்கள். எதுவானாலும் கேஸில் கை வைக்க வேலையே இல்லை. கிளட்ச் முழுக்க வெளியேதான் இருக்கிறது.

இன்னொன்று, நம் பக்கம் உப்புக்காற்று. காயில் சாக்கெட்டிலும் எர்த் போல்ட்டிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சுரண்டுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ராயபுரத்தில் ஒரு அம்பாசடருக்கு நானே கம்ப்ரசரை மாற்றிவிட்டேன். கழற்றிய பழசுக்கு மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்து லேசாகத் தட்டினால், லபக்கென்று கவ்வியது. அன்றைக்கு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேள்வி: என் பிரீமியர் 118 என்.இ.யில் ஏசியை அணைத்திருந்தாலும் கம்ப்ரசர் பக்கம் 'கர்ர்' சத்தம் வருகிறதே?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஏசி அணைந்திருக்கும்போது அங்கே சுற்றுவது புல்லி மட்டும்தான். அதன் பேரிங் போயிருக்கும். பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே பேரிங் வாங்குங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள். ஆடுகிற புல்லி காயிலை உரசி அதையும் தின்றுவிடும்.