செஸ்னாங்கற குட்டி ப்ளேனை வச்சு நார்கோ சப்மரீன் பிடிக்க முடியுமா? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, போதைப்பொருள் கடத்துற இந்த நார்கோ சப்மரீன்ங்கறது நேவி வச்சிருக்கிற மாதிரி தண்ணிக்குள்ள முழுசா முங்கிப் போறதா?

பதில்: பெரும்பாலும் இல்லப்பா. முக்காவாசி முங்கின படகு, அவ்ளோதான். கொலம்பியாவோட பசிபிக் கரையில, துமாக்கோ பக்கம் அலையாத்திக் காட்டுக்குள்ள ஓடைக்கரையிலயே ஃபைபர்கிளாஸ்ல கட்டுறாங்க. டீசல் என்ஜின், மூணு நாலு ஆளு, சில டன் கொக்கெயின். தண்ணிக்கு மேல தெரியறது உள்ள இருக்கவன் எட்டிப் பாக்குற சின்ன மேடு, காத்துக்குழாய், அதுக்கும் கடல் கலர்லயே பெயின்ட். முழுசா முங்குறதும் மாட்டியிருக்கு, 2010-ல ஈக்வடார்ல ஒண்ணு, 2011-ல கொலம்பியாவுல ஒண்ணு, ஆனா அது அபூர்வம்.

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்காவுல சொந்த ப்ளேன் வச்சிருந்தவங்கள்லாம் ஜெர்மன் சப்மரீனைத் தேடிப் போனாங்களாமே, இப்பவும் அதையே செய்யலாம்ல?

பதில்: இந்தக் கேள்வி வரும்னு தெரியும் 😄 சிவில் ஏர் பேட்ரோல்ங்கற வாலன்டியர் அமைப்பு. 1942 மார்ச்சுல ஆரம்பிச்சு 1943 ஆகஸ்ட் வரைக்கும் அட்லான்டிக் கரை, மெக்சிகோ வளைகுடா ஓரமா ஒத்த என்ஜின் ப்ளேன்ல சுத்துனாங்க. முதல்ல கையில ஆயுதமே கிடையாது, ரேடியோ மட்டும், அப்புறம்தான் குண்டு மாட்டிக் குடுத்தாங்க. 173 தடவை சப்மரீனைப் பாத்ததா அவங்க கணக்கு சொல்லுது. மூழ்கடிச்சதா சொன்ன ரெண்டுக்கு பின்னாடி ஜெர்மன் ரெக்கார்டுல ஆதாரம் கிடைக்கல. 90 ப்ளேன் போச்சு, 26 பேர் செத்தாங்க.

ஆனா அவங்களால நடந்த உண்மையான வேலை வேற. மேல இருந்து வர்றது சும்மா ப்ளேனா குண்டு வச்ச ப்ளேனான்னு கீழ இருக்கிறவனுக்குத் தெரியாது, அதனால பாத்த உடனே முங்கிருவான், முங்கினா வேகம் போயிரும், கப்பலை விரட்ட முடியாது. நார்கோ படகுகிட்ட இது எடுபடாது. அவனுக்கு எவனையும் விரட்ட வேண்டியதில்ல, என்ஜினை ஆஃப் பண்ணிட்டு நீ போற வரைக்கும் அப்படியே மிதந்துட்டு இருப்பான்.

கேள்வி: மேல இருந்து பாத்தா நிஜமா என்னதான் தெரியும் சார்?

பதில்: படகு தெரியாது, அது விட்டுட்டுப் போற வெள்ளைக் கோடுதான் தெரியும். ஆயிரம் அடியில பறந்தா அடிவானம் 60 கிலோமீட்டருக்கு மேல இருக்கும், கேக்க பிரமாதமா இருக்கும், ஆனா தண்ணியோட தண்ணியா கிடக்குற நீலப் படகை வெறுங்கண்ணால பிடிக்க சில கிலோமீட்டருக்குள்ள வந்தாகணும். காத்து கொஞ்சம் ஏறுனா கடல் பூரா நுரை, எது அலை எது படகுன்னு தெரியாது. சூரியன் பக்கம் திரும்புனா ஒரே பளபளப்பு, அந்தப் பக்கம் மொத்தமா வேஸ்ட். இதெல்லாம் தெரிஞ்சுதான் அவனுங்க பகல்ல மெதுவா போவானுங்க, கோடு விழாம இருக்க. ஜன்னல்ல ஒரு மணி நேரம் கண்ணை வச்சு கடலையே பாத்தா மனுஷனுக்கு எதிர்ல இருக்கிறதே தெரியாது, அந்தக் களைப்பை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல.

கேள்வி: தெர்மல் கேமரா மாட்டிக்கிட்டா?

பதில்: உதவும். ஆனா புகைக்குழாயைத் தண்ணி வழியா விட்டு சூட்டைக் குறைச்சுத்தான் கட்டுறாங்க. நல்ல கேமராவோட விலையும் எடையும் செஸ்னாவுக்குக் கொஞ்சம் ஓவர்.

கேள்வி: எவ்ளோ தூரம் போக முடியும்?

பதில்: இங்கதான் ப்ளான் மொத்தமா அடி வாங்குது. செஸ்னா 172 மணிக்கு 220 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும், டேங்க் ரொப்புனா ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். காலபகோஸ் தீவு ஈக்வடார் கரையில இருந்து கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர், கடத்தல்காரன் அதையும் சுத்திட்டுப் போறான். போயிரலாம், திரும்பி வர முடியாது. அதுவும் ஒத்த என்ஜின், நடுக்கடல்ல நின்னுச்சுன்னா கதை முடிஞ்சுது. அதனாலதான் அங்க பி-3 ஓரியன் மாதிரி நாலு என்ஜின் ப்ளேன் வச்சு பத்து மணி நேரத்துக்கு மேல சுத்துறாங்க. சின்ன ப்ளேனுக்குத் தோதான இடம் கரையோரம்தான், ஓடை வாய், கட்டுற இடம், எரிபொருள் கொண்டு வர்ற படகு காத்து நிக்கிற இடம், அங்க உண்மையிலேயே பிரயோஜனம் உண்டு.

கேள்வி: சரி, பாத்தாச்சு. அப்புறம்?

பதில்: இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். பின்னாடி ஒரு கப்பல் இல்லேன்னா பாத்தும் பாக்காத மாதிரிதான். 2014-ல அமெரிக்க ராணுவத்துல லத்தீன் அமெரிக்கப் பக்கத்தைப் பாத்துக்குற சதர்ன் கமாண்டோட தலைவர் ஜெனரல் ஜான் கெல்லி செனட்ல போய் சொன்னாரு, கடல் வழியா நடக்குதுன்னு சந்தேகப்படுற கடத்தல்ல 74 சதவீதத்தைப் பிடிக்க கப்பல் இல்லாம சும்மா பாத்துட்டு உக்காந்திருக்கோம்னு. பாக்குறதுக்கு ஆள் இல்லாம இல்லப்பா, போய் ஏறுறதுக்குத்தான் ஆள் இல்ல. 2019-ல அமெரிக்க கோஸ்ட் கார்டு வீரர் ஓடுற படகு மேலயே குதிச்சு மூடியை டம் டம்முன்னு தட்டுன வீடியோ பாத்திருப்பீங்க, அதுக்கு மன்ரோங்கற பெரிய கப்பலே அந்த இடத்துல இருந்துச்சு.

இன்னொண்ணு, மாட்டுனா வால்வைத் திறந்து படகையே முழுகடிச்சிருவானுங்க, சரக்கு அடியில போயிரும், கேஸ் நிக்காது, காப்பாத்தி வீட்டுக்கு அனுப்புற நிலைமை. அதனாலதான் 2008-ல அந்த மாதிரி எந்த நாட்டுக் கொடியும் இல்லாத படகை ஒளிஞ்சு ஓட்டுறதே குத்தம்னு அமெரிக்கா சட்டம் போட்டுச்சு.

கேள்வி: பைலட்டுக்கு ஆபத்து இருக்கா அண்ணா?

பதில்: படகுல இருக்கவனை விட கடத்தலைத் தடுக்கிற நம்ம பக்கத்து ஆளுங்களாலதான் அதிகம்னு சொல்லுவேன். 2001 ஏப்ரல்ல பெருவுல மிஷனரிக் குடும்பம் ஒண்ணு போன சின்ன செஸ்னாவை, கடத்தல் ப்ளேன்னு நினைச்சு அந்த நாட்டு விமானப்படையே சுட்டுச்சு, தாயும் கைக்குழந்தையும் போயிட்டாங்க. கடத்தல்காரனும் அதே செஸ்னாவைத்தான் ஓட்டுறான், மேல இருந்து பாக்குறவனுக்கு நீ நல்லவன்னு எப்படித் தெரியும்?

கேள்வி: நம்ம பக்கம் இப்படி ஏதாவது?

பதில்: சப்மரீன் இல்ல, மீன்பிடிப் படகு. 2024 நவம்பர்ல அந்தமான் பாரன் தீவு பக்கம் நம்ம கோஸ்ட் கார்டோட டார்னியர் ப்ளேன் ஒரு மியான்மர் படகை சந்தேகத்துல பாத்துச்சு, கப்பல் போய் பிடிச்சா சுமார் 5,500 கிலோ மெத்ங்கற போதைப்பொருள். டார்னியர் சின்னதுதான், ஆனா ரெண்டு என்ஜின், ரேடார், கூப்பிட்டா வர்ற கப்பல், எல்லாம் இருந்துச்சு.

கேள்வி: அப்போ பிரைவேட் லைசென்ஸ்காரன் ஒண்ணுமே பண்ண முடியாதா?

பதில்: பண்றாங்களே. அதே சிவில் ஏர் பேட்ரோல் இன்னிக்கும் செஸ்னா 172, 182 வச்சு போதைத் தடுப்புக்கு உதவுது. போட்டோ எடுக்குறது, ரேடியோ ரிலே, ஆளைக் கொண்டு விடுறது, இப்படித்தான். வாலன்டியர் யாரையும் கைது பண்ணக்கூடாது, விரட்டவும் கூடாது. தானா கிளம்பி கடல் மேல தேடப் போற ஐடியா இருந்தா விட்டுருங்க, கடைசியில உங்களைத் தேட ஒரு ப்ளேன் அனுப்பணும்.